மூச்சு வாங்கும் ஊர்

பொலிவியாவின் எல் ஆல்டோ விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்றபோது கைப்பைக்குள் பந்து மாதிரி ஏதோ உருண்டது. திறந்து பார்த்தால் மக்ரூன் பாக்கெட். தூத்துக்குடியில் கடைக்காரர் சூடு வைத்து ஒட்டிக் கொடுத்தபோது தட்டையாகக் கிடந்தது, இப்போது விரல் பட்டாலே வெடித்துவிடும் போல உப்பிப் பளபளவென்று நின்றது. முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். வெளி அழுத்தம் குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று விரியும் என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன். அதைக் கையால் தொட்டுப் பார்க்க 4,061 மீட்டர் ஏறி வர வேண்டியிருந்தது.

"அம்மா, போட்டோ எல்லாம் அப்புறம். முதல்ல உட்காரு," என்றாள் மகள்.

உட்கார்ந்தேன். பெட்டி வரும் பெல்ட்டிலிருந்து நாற்காலி வரை பதினைந்து அடி இருக்கும். அதற்கே மூச்சு வாங்கியது.

மகளுக்கு சாவோ பாலோவில் வேலை. எங்களை பிரேசிலுக்கு வரவழைத்தவள், ஆகஸ்டில் ஒரு வாரம் லீவு போட்டு பொலிவியாவுக்கும் கூட்டிப்போனாள். சான்டா குரூஸ் வந்து விமானம் மாறினோம். அது சுமார் 400 மீட்டர் உயரச் சமவெளி. தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்நியமாகத் தெரியாத வெக்கை. அங்கிருந்து ஒரு மணி நேரம்தான். இறங்கும்போது விமானம் இறங்கின மாதிரியே தெரியவில்லை. தரைதான் எழும்பி வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. ஓடுதளம் நான்கு கிலோமீட்டர் நீளம். காற்று மெலிந்த இடத்தில் இறக்கை தாங்க வேண்டுமென்றால் விமானம் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும், அதற்கு அத்தனை நீளம் தேவை. எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க கடல் மட்டத்தில் உத்தியோகம். "நாம பிறந்ததுல இருந்து ஏறினதெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது," என்றார். அதற்கு மேல் அன்று முழுக்க அவர் அதிகம் பேசவில்லை. பேசவும் மூச்சு வேண்டுமே.

டாக்சி கொஞ்ச தூரம் தட்டையாக ஓடியது. பூசாத செங்கல் வீடுகள், டயர் கடைகள், மினி பஸ்கள். திடீரென்று ஒரு வளைவில் தரை தீர்ந்துபோனது. கீழே ஒரு பெரிய வாணலி. அதன் உட்பக்கம் முழுக்க வீடுகள்; அடிப்பகுதியில் உயரக் கட்டிடங்கள்; எதிரே பனி போர்த்திய இல்லிமானி, 6,438 மீட்டர். அந்த வாணலிதான் லா பாஸ். வாணலியின் விளிம்பில், இப்போது நாங்கள் கடந்து வந்த தட்டை நிலம்தான் எல் ஆல்டோ. ஸ்பானிய மொழியில் 'உயரம்' என்று அர்த்தம்.

லா பாஸைத் தலைநகரம் என்று சொன்னால் சுக்ரே ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அரசியலமைப்புப்படி தலைநகரம் சுக்ரேதான். உச்ச நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. 1899-இல் முடிந்த உள்நாட்டுப் போரில் லா பாஸ் தரப்பு ஜெயித்து, நாடாளுமன்றத்தையும் அரசாங்கத்தையும் இங்கே கொண்டுவந்துவிட்டது. பெயரைச் சுக்ரே வைத்துக்கொண்டது, நாற்காலியை லா பாஸ் எடுத்துக்கொண்டது.

நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. விளம்பரத்தில் இதைச் சொல்லாதவர்களை மாடிக்கு ஒரு முறை வீதம் மூன்று முறை திட்டினேன், மனதுக்குள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என் வயதுதான் இருப்பார். எங்கள் இரண்டு பெட்டிகளையும் ஆளுக்கு முந்தி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுப்பில் தண்ணீரும் வைத்திருந்தார். கோகா டீ போடத்தான். சாக்லேட்டுக்கான கோகோ இல்லை, கொக்கேய்ன் எடுக்கிற கோகா இலை. நான்கைந்து காய்ந்த இலையைக் கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். வைக்கோல் வாசம், அடியில் லேசான கசப்பு. பொலிவியாவில் இந்த இலை சந்தையில் மூட்டை மூட்டையாக விற்கும் சாதாரணச் சரக்கு. 1961-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் உடன்படிக்கை இலையையும் சேர்த்துத் தடை செய்கிறது என்று அதிலிருந்தே வெளியேறி, மெல்லுவதற்கு விலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு 2013-இல் திரும்பச் சேர்ந்த நாடு இது. ஆனால் ஆசைப்பட்டு ஒரு பிடி பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாட்டில் இறங்கினால் மாட்டிக்கொள்வோம். மகள் இதை ஏழு தடவை சொன்னாள்.

எங்கள் வீட்டுக்காரர் பையிலிருந்து ஆக்ஸிமீட்டரை எடுத்தார். கொரோனா காலத்தில் வாங்கியது. அப்போது 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு தினமும் மூன்று வேளை பார்த்த கருவி. இப்போது அவருக்கு 84. எனக்கு 86. மகளுக்கு 88. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் கண்டு அந்த அம்மா சிரித்துக்கொண்டே தன் விரலை நீட்டினார். 91. மூன்று மாடி பெட்டி தூக்கி வந்த விரல்.

லா பாஸ் நடுப்பகுதி சுமார் 3,640 மீட்டர். கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 65 சதவீதம்தான் அங்கே. காற்றில் ஆக்சிஜன் விகிதம் அதே 21 சதவீதம், அது குறைவதில்லை. பத்து மூச்சு இழுத்தால் ஆறரை மூச்சுக்குத்தான் சரக்கு வருகிறது, அவ்வளவுதான்.

அன்று இரவை மறக்க முடியாது. தலைவலியில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பக்கத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு ஏறி ஏறி வந்தது, பிறகு மெல்லத் தணிந்தது, பிறகு நின்றுவிட்டது. இருட்டில் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது வந்ததும் ஹக்கென்று ஒரு பெரிய மூச்சை இழுத்து மறுபடி வேகமாக விட ஆரம்பித்தார். மறுபடி தணிந்தது. மறுபடி நின்றது. இந்த முறை பதினொன்று வரை எண்ணினேன். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் இந்த மனிதரின் மூச்சை நான் இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை. எழுப்பினேன். "நல்லாத்தானே தூங்கிட்டிருந்தேன்," என்று சலித்துக்கொண்டார்.

மகள் எழுந்து வந்து விளக்கினாள். உயரத்தில் ஆக்சிஜனுக்காக உடம்பு அதிகமாக மூச்சு விடும். அதில் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். மூச்சு விடு என்று மூளைக்கு ஞாபகப்படுத்துவது பெரும்பாலும் கரியமில வாயுதான். அது குறைந்ததும் மூளை சும்மா இருந்துவிடுகிறது. ஆக்சிஜன் இறங்கியதும் பதறி எழுகிறது. "புதுசா வர்றவங்க நிறைய பேருக்குத் தூக்கத்துல இப்படி ஆகும்மா. நீயும் அப்படித்தான் விட்டிருப்பே, உன்னை யாரும் எண்ணலை." எங்கள் டாக்டர் கிளம்புவதற்கு முந்தின நாளிலிருந்தே போடச் சொல்லி எழுதிக் கொடுத்த மாத்திரையை எங்கள் வீட்டுக்காரர் போடாமல் பத்திரமாக வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. "நல்லாத்தானே இருந்தேன், எதுக்கு மாத்திரைன்னு விட்டுட்டேன்." விடிய விடிய நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெளியே போகவில்லை. சோறு பொங்கலாம் என்று பார்த்தேன். திறந்த பாத்திரத்தில் அரிசி போட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வேகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்தும் நடுவில் முழி முழியாக நின்றது. துவரம்பருப்போ கூழாங்கல். இந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் ஆவிதான் ஆகும், சூடு ஏறாது. இதையும் பாடத்தில் நடத்தியிருக்கிறேன். அலமாரியைத் திறந்தால் பெரிய பிரஷர் குக்கர். அந்த ஊரில் குக்கர் ஆடம்பரப் பொருளே கிடையாது, அம்மிக்கல் போல அத்தியாவசியம். ஆனால் குக்கரும் வெளி அழுத்தத்தின் மேல்தான் தன் அழுத்தத்தை ஏற்றும். ஆகவே எங்கள் வீட்டில் நான்கு விசிலுக்குக் குழையும் பருப்பு அங்கே ஏழு கேட்டது. எட்டாவது விசிலில் ரசம் வைத்துக் குடித்தோம். தலைவலிக்குக் கோகாவைவிட அந்த ரசம்தான் கேட்டது என்று நான் சொல்வதை மகள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் கேபிள் காரில் ஏறினோம். சுற்றுலா மலைகளில் பொம்மை ரயில் மாதிரி ஓடுமே, அப்படி நினைத்துக்கொண்டு போனேன். இது ஊரின் டவுன் பஸ். மி டெலிஃபெரிகோ என்று பெயர். 'என் கேபிள் கார்'. 2014 மே மாதம் முதல் தடம் திறந்தார்கள். அந்த வருஷமே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கொடியின் மூன்று நிறத்திலும் மூன்று தடம், இப்போது பத்து. பெட்டிக்குப் பத்து பேர். வரிசையாக வந்துகொண்டே இருக்கும், நிற்காது. மெல்ல ஊரும்போது ஏறிக்கொள்ள வேண்டும். நாங்கள் போனபோது ஒரு தடத்துக்கு 3 பொலிவியானோ.

மத்திய நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஸ்பானியப் பெயருக்குத் துணையாக இந்தப் பக்கத்துப் பழங்குடி மொழியான அய்மாராவில் 'தைப்பி ஊத்தா' என்று எழுதியிருந்தது. நடு வீடு. எங்கள் பெட்டியில் இரண்டு சோலிதாக்கள் ஏறினார்கள். பாரம்பரிய உடை உடுத்தும் பழங்குடிப் பெண்களை அப்படித்தான் சொல்கிறார்கள். அடுக்கடுக்காகப் பாவாடை, மேலே சால்வை, இரட்டைச் சடை, தலையில் கவிழ்த்த கிண்ணம் போலக் கறுப்புத் தொப்பி. ஒருத்தி முதுகில் வண்ணத் துணியில் குழந்தையைத் தூளி கட்டியிருந்தாள். அகுவாயோ என்கிறார்கள். குழந்தை என்னைப் பார்த்தது, என் நெற்றிப் பொட்டைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது.

சிவப்புத் தடம் பொதுக் கல்லறையின் மேலே போகிறது. மேலிருந்து பார்த்தால் தெரு தெருவாக மாடிக் குடியிருப்பு போல இருக்கிறது. ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் ஒரு ஆள் படுத்திருக்கிறார். அதைத் தாண்டியதும் செங்குத்து. செங்கல் வீடுகளின் தகரக் கூரை, கொடியில் காயும் துணி, மொட்டை மாடியில் குலைக்கும் நாய் எல்லாம் காலடியில் நழுவி இறங்கின. அந்த வீடுகளுக்குப் போகும் வழி படிக்கட்டு மட்டுமே. கேபிள் கார் வருவதற்கு முன் இந்த ஜனங்கள் கீழே வேலைக்குப் போய்த் திரும்ப நெரிசலான மினி பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறியாக வேண்டும். இப்போது பத்து நிமிஷம்.

எல் ஆல்டோவில் இறங்கி, விளிம்போடு ஓடும் வெள்ளித் தடத்தைப் பிடித்து, மஞ்சள் தடத்துக்கு மாறி, பிறகு பச்சை. இறங்கிக்கொண்டே போனோம். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஊர் மாறியது. பூசாத சுவர் பூசிய சுவரானது. பூசிய சுவருக்கு வண்ணம் வந்தது. மரம் வந்தது. பச்சைத் தடத்தின் அடியில் புல்தரை, நீச்சல் குளம், கண்ணாடி மாளிகை. கடைசி நிலையத்தில் இறங்கினால் நான் போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டரில் ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. தென்பகுதி என்று அழைக்கும் இந்தப் பணக்காரப் பேட்டை சுமார் 3,200 மீட்டர். மேலே விளிம்பில் 4,100. ஒரே ஊருக்குள் 900 மீட்டர் வித்தியாசம். காசு உள்ளவன் கூடுதல் காற்றும் கூடுதல் வெயிலும் உள்ள பள்ளத்தில் குடியேறிக்கொண்டான். இல்லாதவன் குளிரும் காற்றுப் பஞ்சமும் உள்ள மேட்டுக்கு ஏறினான்.

நாம் வசதி படைத்தவர்களை மேட்டுக்குடி என்கிறோம். அந்தச் சொல்லை அங்கே எடுத்துப்போனால் ஒருவருக்கும் புரியாது. "மேலிடம்" என்றால் அங்கே மூச்சு முட்டுகிற இடம். மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் என்ன கணக்கும்மா?" என்றாள். வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து ஏறினது வேறு கணக்கு, போடீ.

ஆனால் மேலே இருப்பதில் ஒரு பலம் உண்டு என்பதை இந்த ஊர் இருமுறையாவது கற்றிருக்கிறது. 1781-இல் அய்மாரா தலைவர் துபாக் கட்டாரியும் அவர் மனைவி பார்த்தோலினா சீசாவும் விளிம்பில் படையை நிறுத்தி வாணலியின் வாயை மூடினார்கள். மாதக்கணக்கில் முற்றுகை. கீழே ஸ்பானியர்கள் தோல் வரை வேகவைத்துத் தின்றார்கள் என்கிறார்கள். முடிவில் இரண்டு பேரையும் பிடித்துக் கொன்றார்கள். கட்டாரியை நான்கு குதிரையில் கட்டி இழுத்து. 2003 அக்டோபரில் இயற்கை எரிவாயு ஏற்றுமதியை எதிர்த்து எல் ஆல்டோ மக்கள் அதே விளிம்பில் சாலையை மறித்தார்கள். கீழே பெட்ரோல் தீர்ந்தது, இறைச்சி தீர்ந்தது. துப்பாக்கிச் சூட்டில் அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். கேபிள் கார் ஜன்னலில் இருந்து பார்க்கும்போது எந்த முனையை மறித்தால் எது நிற்கும் என்று நமக்கே புரிகிறது. ஊரின் அமைப்பே அப்படி.

எல் ஆல்டோ 1980-களில் தனி நகரமாகப் பிரிந்தது. இன்று மக்கள்தொகையில் லா பாஸை மிஞ்சிவிட்டது. வியாபாரத்தில் சம்பாதித்த அய்மாராக்கள் அங்கேயே மாளிகை கட்டுகிறார்கள், பள்ளத்துக்கு இறங்கவில்லை. ஃபிரெடி மமானி என்ற கட்டிடக்காரர் தொடங்கிவைத்த பாணி: ஆரஞ்சு, பச்சை, ஊதா, கண்ணாடியில் கோலம் போட்ட முகப்பு. தரைத்தளத்தில் கடை, அதற்கு மேல் கல்யாண மண்டபம், அதற்கு மேல் வாடகை வீடுகள், மொட்டை மாடியில் சொந்தக்காரர் தனக்கென்று ஒரு வீடு. எங்கள் வீட்டுக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "மண்டப வாடகையிலேயே கடனை அடைச்சிரலாம்," என்றார். ஆக்ஸிமீட்டரில் அவருக்கு 89 ஆகியிருந்தது அன்று. பேச்சு திரும்பிவிட்டது.

முரிய்யோ சதுக்கத்தில் புறாக்களுக்குச் சோளம் விற்கிறார்கள். ஜனாதிபதி மாளிகைக்கு எரிந்த மாளிகை என்றே பெயர், 1875 கலகத்தில் எரிந்ததால். 1946-இல் ஒரு ஜனாதிபதியையே கொன்று இந்தச் சதுக்கத்து விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். வில்லாரோயல் என்று பெயர். புறாக்களுக்கு நடுவில் அதையும் சொல்லிவிட்டு வழிகாட்டி சாவகாசமாக ஐஸ்கிரீம் வாங்கப் போனார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது நாடாளுமன்றத்தின் மேல் இருந்த கடிகாரம். எண்கள் திருப்பி எழுதியிருந்தன. பன்னிரண்டுக்கு இடப்பக்கம் ஒன்று. முட்களும் இடப்பக்கமாகச் சுற்றின. 2014 ஜூனில் மாற்றினார்கள். தெற்கின் கடிகாரம் என்றார் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சோகேஹுவாங்கா. கேலி பேசியவர்கள் நிறைய. ஆனால் கணக்கு சரிதான். நிழல் கடிகாரம் வடக்கு நாடுகளில் பிறந்தது. அங்கே குச்சியின் நிழல் எந்தப் பக்கம் சுற்றியதோ அதையே முட்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே நிழல் எதிர்ப்பக்கம் சுற்றும். எனக்கு ஒரு குச்சி கிடைத்தால் அந்தச் சதுக்கத்திலேயே நட்டுக் காட்டியிருப்பேன். காவலுக்கு நின்ற சிப்பாயைப் பார்த்ததும் ஆசையை அடக்கிக்கொண்டேன்.

காலத்தைப் பற்றி அய்மாராவில் இன்னொரு சங்கதி உண்டு. 'நய்ரா' என்றால் கண், முன்பக்கம். கடந்த காலமும் அதுவே. 'நய்ரா மாரா' என்றால் போன வருஷம். 'கிபா' என்றால் முதுகுப்புறம், வரப்போகிற காலம். கடந்தது தெரிந்தது, அதனால் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. வருவது தெரியாது, அதனால் முதுகுக்குப் பின்னால். வயதான அய்மாராக்கள் பழங்கதை பேசும்போது கையை முன்னால் நீட்டிப் பேசுகிறார்கள் என்று 2006-இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள், உலகத்துக்கே வியப்பு. மகள் இதைப் படித்துக் காட்டியபோது எனக்கு வியப்பு வரவில்லை. முன்பு நடந்தது, முந்தாநாள், முன்னோர். பின்னர், பிற்பாடு, பின்னால பார்த்துக்கலாம். நாம் பேசுவதும் அதுதானே! "ஆனா எதிர்காலம்னும் சொல்றோமே, அது எதிர்லதானே வருது?" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. கை எந்தப் பக்கம் போகிறது என்று அன்றிலிருந்து கவனிக்கிறேன். மாமியார் பழங்கதை பேசும்போது கை தோளுக்கு மேல் பின்னால்தான் போகிறது.

சூனியக்காரிகள் சந்தை என்று லினாரெஸ் தெருவில் சுற்றுலாக்காரர்கள் மொய்க்கிறார்கள். லாமா என்ற ஒட்டக இன விலங்கின் காய்ந்த கருக்கள் வாசலில் தொங்கும். வீடு கட்டும்போது பச்சமாமா என்ற பூமித்தாய்க்கு அஸ்திவாரத்தில் புதைப்பார்களாம். ஆகஸ்ட் பூமித்தாயின் மாதம். இனிப்பு, கம்பளி, கோகா இலை, கரு எல்லாம் தட்டில் அடுக்கி எரிப்பதற்காக வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். புதுவீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுகிற ஊரிலிருந்து வந்து இதைப் படம் எடுத்துக்கொண்டு நிற்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சீக்கிரம் வந்துவிட்டோம்.

உண்மையான சந்தை ரோட்ரிகஸ் தெருவில். சனிக்கிழமை காலை. உருளைக்கிழங்கு மட்டும் ஒரு தெரு. கறுப்பு, ஊதா, மஞ்சள், விரல் போல, இஞ்சி போல. சூன்யோ என்று ஒன்று. சுருங்கிக் கூழாங்கல் மாதிரி கறுத்துக் கிடந்தது. ஜூன், ஜூலை இரவுக் குளிரில் கிழங்கை வெட்டவெளியில் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, காயவைத்து எடுக்கிறார்கள். வருஷக்கணக்கில் கெடாது. பெயரைக் கேட்டதும் சூனியம் என்று நினைத்தேன். ருசியும் ஏறக்குறைய அப்படித்தான்.

மிளகாய்க் கடையில் நின்றோம். லொகோட்டோ என்ற குண்டு மிளகாய், அறுத்தால் உள்ளே கறுப்பு விதை. இதையும் தக்காளியையும் ஒரு வாசனைத் தழையோடு கல்லில் வைத்து அரைத்து யாஹ்வா என்று துவையல் செய்கிறார்கள். அந்தக் கல் அப்படியே அம்மி, குழவி மட்டும் அரைநிலா மாதிரி. உருட்டாமல் இப்படியும் அப்படியும் ஆட்டி அரைக்க வேண்டும். கடைக்கார அம்மாவை மகள் 'கசேரிதா' என்று கூப்பிட்டாள். வாடிக்கையாக வாங்குகிற கடைக்காரியையும், வாங்குகிறவளையும் இருபக்கமும் அப்படித்தான் அழைப்பார்களாம். எடை போட்டுப் பையில் கொட்டிய பிறகு மகள் "யாப்பா?" என்று கேட்டாள். அந்த அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஒரு கை மிளகாயை அள்ளி மேலே போட்டார்.

"கொசுறு!" என்று கத்திவிட்டேன். சாவோ பாலோவிலும் கிடைக்காதது, தூத்துக்குடி சூப்பர் மார்க்கெட்டில் செத்துப்போனது.

என்ன சொல்கிறாள் இவள் என்று அந்த அம்மா கேட்டார். மகள் விளக்கினாள். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா, தெற்கே ஒரு துறைமுக ஊர் என்றாள். துறைமுகம் என்ற சொல்லைக் கேட்டதும் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

பொலிவியாவுக்கு ஒரு காலத்தில் கடல் இருந்தது. 1879-இல் தொடங்கிய போரில் சிலி அந்தக் கரை முழுவதையும் எடுத்துக்கொண்டது. இன்றும் மார்ச் 23 கடல் தினம். இன்றும் கடற்படை இருக்கிறது, டிடிகாகா ஏரியில் பயிற்சி எடுக்கிறது. சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018-இல் அங்கும் தோற்றார்கள். கடலே இல்லாத நாட்டுக்குக் கடற்படையா என்று விமானத்தில் நாங்கள் சிரித்துக்கொண்டு வந்தோம்.

"கடல்ல வேலை பார்த்தவரா?" என்று எங்கள் வீட்டுக்காரரைக் காட்டிக் கேட்டார் அந்த அம்மா. அவர் போனை எடுத்துத் துறைமுகப் படங்களைக் காட்டினார். நிலக்கரி இறக்கும் கப்பல், கிரேன், பின்னால் சாம்பல் நிறத்தில் தண்ணீர். அந்த அம்மா கப்பலைப் பார்க்கவில்லை. விரலால் தண்ணீரைப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் பார்த்ததில்லை, என் மகன் சிலியில் இருக்கும் அரிக்கா துறைமுகத்துக்கு லாரியில் போய் வருவான், அவன் பார்த்திருக்கிறான் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். மகள் அதைத் தமிழில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, கடல் என்ன வாசம் அடிக்கும்னு கேக்கறாங்க."

முப்பத்தாறு வருஷம் கடலோடு இருந்தவர் முழித்தார். என்னைப் பார்த்தார். "கருவாடு வாசம்னு சொல்லு," என்றார் கடைசியில்.

காய்ந்த மீன் என்று மகள் சொன்னதும் அந்த அம்மாவும் பக்கத்துக் கடைக்காரிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார், பிறகு மூச்சு வாங்கி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். நான் பையைத் துழாவி உப்பின மக்ரூன் பாக்கெட்டை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். யாப்பா என்றேன். அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, பிரித்தார். டப்பென்று சத்தம். மூன்று கடைக்காரிகளும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

கிளம்பும் நாள் விமான நிலையத்தில் தண்ணீரைக் குடித்து முடித்து, காலி பாட்டிலை இறுக மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சான்டா குரூஸில் இறங்குவதற்குள் அது நசுங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்துச் சீட்டுக்காரர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆக்ஸிமீட்டரில் மூன்று பேருக்கும் 97, 98.

அந்தப் பாட்டில் இப்போது தூத்துக்குடியில் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது, யாரோ பிடித்துப் பிழிந்த மாதிரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். உள்ளே எல் ஆல்டோ காற்று, திறந்துவிடாதே என்று சொல்லித்தான் கையில் கொடுப்பேன். வீட்டுக்காரர் இதுவரை இரண்டு தடவை பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்த்திருக்கிறார்.